மீன்கடை அம்மாளின் ககரம்

நீளமான பதிவு. அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள்.

மூன்று மாதமாக டீச்சரைக் காணோமே, உடம்பு சரியில்லையா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. மகளுக்கு இரண்டாவது பிரசவம். பத்தியம் சமைத்துப் போட, பிள்ளையைக் குளிப்பாட்ட, மூத்தவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்ப என்று போயிருந்தேன். விசா 90 நாள்தான். ஸ்பெயின் நாட்டின் வடமேற்கு மூலையில், போர்ச்சுகலுக்கு நேர் மேலே கலீசியா என்று ஒரு பகுதி இருக்கிறது. அதில் வீகோ என்று ஒரு துறைமுக ஊர். மழை என்றால் அப்படி ஒரு மழை.

அந்த ஊர்க்காரர்களுக்கு ஸ்பானிஷ் தவிர சொந்தமாக ஒரு மொழி இருப்பது அங்கே போகும்வரை எனக்குத் தெரியாது. கலீசிய மொழி. லத்தீனிலிருந்து வந்தது, போர்ச்சுகீசியத்தோடு கூடப் பிறந்தது. 13ஆம் நூற்றாண்டில் காஸ்டில் நாட்டு அரசர் பத்தாம் அல்போன்சோ, மாதாவைப் பற்றிய பாடல்களைத் தன் நாட்டு மொழியை விட்டுவிட்டு இந்த மொழியில்தான் தொகுக்க வைத்தார் என்றால் அன்றைக்கு இதற்கு இருந்த மதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு சில நூற்றாண்டுகள் எழுத்தில் மங்கிப்போய், 1863இல் ரோசாலியா தெ காஸ்த்ரோ என்ற பெண்மணியின் கவிதைத் தொகுப்பு வந்த பிறகு மறுபடி தலை தூக்கியது. அந்தப் புத்தகத்தின் நினைவாகத்தான் 1963 முதல் ஒவ்வொரு மே 17ஆம் தேதியும் கலீசிய இலக்கிய தினம் கொண்டாடுகிறார்கள். பள்ளிக்கு விடுமுறை. (பேத்திக்கு அந்த மொழியில் மிகவும் பிடித்த நாள் அதுதான்.)

விஷயத்துக்கு வருகிறேன்.

பேத்திக்கு ஏழு வயது. ஒருநாள் என்னோடு மீன்கடைக்கு வந்தாள். கடைக்கார அம்மாள் என் வயதிருப்பார். கடலுக்கு அந்தப் பக்கக் கிராமத்திலிருந்து படகில் வந்து விற்கிறவர். பேத்தியைப் பார்த்துச் சிரித்து ஏதோ சொன்னார். அதில் ‘அமீஹா’ என்ற சொல் எனக்குத் தெளிவாகக் கேட்டது. தோழி என்று பொருள். வீடு திரும்பும் வழியெல்லாம் பேத்தி ‘அமீஹா, அமீஹா’ என்று மூக்கைச் சுருக்கிச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். “என்னடி சிரிப்பு?” என்றேன். “அது பட்டிக்காட்டுப் பேச்சு பாட்டி. ‘அமீகா’ன்னுதான் சொல்லணும். இப்படிப் பேசினா கிளாஸ்ல எல்லாரும் சிரிப்பாங்க.”

எனக்குச் சுருக்கென்றது. காரணம் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. நான் ‘அமீகா’ என்று எழுதினால் நீங்கள் எந்தக் ககரத்தைப் படிப்பீர்கள்? தமிழில் எழுத்து ஒன்று, ஓசை பல. ‘கல்’ என்பதில் ஒன்று, ‘தங்கம்’ என்பதில் ஒன்று, ‘பகல்’ என்பதில் இன்னொன்று. கலீசிய மொழியில் நான் சொல்லப்போவது ‘தங்கம்’ ககரத்தையும் ‘பகல்’ ககரத்தையும். இந்த இரண்டை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: ‘மென்மை’ என்று நான் சொன்னால் நம் இலக்கணத்து மெல்லினத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். வல்லினமே வலு குறைந்து ஒலிப்பதைச் சொல்கிறேன்.

மாடி வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாள் இருந்தார். அவரும் ஓய்வுபெற்ற ஆசிரியை. எங்கள் இருவருக்கும் பொது மொழி கிடையாது. பேத்திதான் மொழிபெயர்ப்பாளர். ஒரு துண்டு கேக்குக்கு ஒரு மணி நேரம் வேலை செய்வாள். அந்த அம்மாளிடம் பூனை என்று சொல்லச் சொன்னேன். ‘காத்தோ’. தங்கத்தில் வரும் ககரம், தெளிவாக. “ஒரு பூனை” என்று சொல்லச் சொன்னேன். ‘உங் காத்தோ’. அதே ககரம். “அந்தப் பூனை”? ‘ஓ காத்தோ’. இப்போது ககரம் இளகிவிட்டது! பகலில் வரும் ககரம் மாதிரி. “ஏன் மாற்றினீர்கள்?” என்று கேட்டால், “மாற்றவில்லையே, ஒன்றுதானே” என்கிறார். சத்தியம் பண்ணுகிறார். அவர் காதுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஊர்ப் பெயரே அப்படித்தான். வீகோ என்று நாம் எழுதுகிறோம். அவர்களுக்கு வகரமும் பகரமும் ஒரே ஓசை, ஆகவே அது ‘பீகோ’. ‘எங் பீகோ’, அதாவது வீகோவில் என்னும்போது ‘பம்பரம்’ என்பதில் இரண்டாவதாக வரும் பகரம் போல உதடு நன்றாக மூடுகிறது. ‘தெ பீகோ’, அதாவது வீகோவின் என்னும்போது உதடு மூடுவதே இல்லை, கிட்டப் போய்த் திரும்பிவிடுகிறது.

இதில் சோம்பல் எங்கே இருக்கிறது? கணக்குப் போல ஒழுங்கு இருக்கிறது. மூக்கொலிக்குப் பின் வந்தால் அடைப்பு. பேச்சைத் தொடங்கும்போது வந்தால் அடைப்பு. இரண்டு உயிருக்கு நடுவில் வந்தால் இளக்கம். ஏன் என்று யோசித்தால் இன்னும் அழகு. ‘ங்’ சொல்லும்போது வாய் ஏற்கனவே அடைபட்டிருக்கிறது, காற்று மூக்கு வழியாகப் போகிறது. அடுத்து வரும் ககரத்துக்கு அதே இடத்தில் அடைப்பு தயாராக இருக்கிறது. உயிருக்கு நடுவிலோ வாய் திறந்திருக்கிறது. அதை இழுத்து மூடி, உள்ளே காற்று அழுந்தும்போதும் குரல்நாண் அதிர்வை நிறுத்தாமல், உடனே மறுபடி திறக்கவேண்டும், அதுவும் கண் இமைக்கும் நேரத்துக்குள். அந்த மொழி அந்த மூடலைக் கைவிட்டுவிட்டது. அவர்கள் வீட்டு சூப்புக்குப் பெயர் ‘கால்தோ’. லகரத்துக்காக நாக்கு நுனி முன்பே மேலே ஒட்டிவிட்டதால் அதில் தகரம் நல்ல அடைப்போடு வருகிறது. ‘வீதா’ என்றால் வாழ்க்கை. (இதுவும் வாயில் ‘பீதா’தான்.) அதில் தகரம் நம் ‘அது’வில் வருவது போலக் கரைகிறது. ‘ஆல்பா’ என்றால் விடியல். லகரம் இருந்தும் அதில் பகரம் இளகுகிறது, ஏனென்றால் லகரத்தில் உதட்டுக்கு வேலையில்லை! இந்த ஒன்றைப் புரிந்துகொண்டபோது, 34 வருஷம் கரும்பலகை முன் நின்றவள், கையைத் தட்டிவிட்டேன். பிள்ளை முழித்துக்கொண்டது. மகளிடம் திட்டு.

மருமகன் தன் மடிக்கணினியில் ‘ப்ராட்’ என்று ஒரு மென்பொருளை இறக்கிக் கொடுத்தார். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்து பவுல் புர்ஸ்மாவும் டேவிட் வேனிங்கும் செய்தது. இலவசம். பேச்சைப் பதிந்து கொடுத்தால் ஸ்பெக்ட்ரோகிராம் என்று ஒரு படம் போட்டுக் காட்டும். இடமிருந்து வலம் நேரம். கீழிருந்து மேல் ஓசையின் அதிர்வெண். எங்கே ஓசைக்கு வலு அதிகமோ அங்கே கறுப்பு. உயிரெழுத்தைச் சொன்னால், புடவையில் கரை ஓடுவது போல இரண்டு மூன்று கறுப்புப் பட்டைகள் கிடையாக ஓடும்.

மாடி வீட்டு அம்மாளின் ‘உங் காத்தோ’வைப் போட்டுப் பார்த்தோம். ககரம் வரும் இடத்தில் பட்டைகள் அறுந்து வெள்ளையாகிவிடுகிறது. அடியில் மட்டும் குரல்நாண் அதிர்வின் மெல்லிய கோடு. அடைப்பு திறக்கும் இடத்தில் ஊசி போல நிமிர்ந்த ஒரு கீற்று. அதுதான் வெடிப்பு. அடுத்து ‘ஓ காத்தோ’. வெள்ளையும் இல்லை, ஊசிக் கீற்றும் இல்லை. பட்டைகள் சாயம் போன மாதிரி வெளுத்து, அறுந்துபோகாமல் அடுத்த உயிரோடு சேர்ந்துகொள்கின்றன. சத்தத்தின் அளவைக் காட்டும் கோட்டில் ஒரு சின்னப் பள்ளம், அவ்வளவே.

பழைய புத்தகங்கள் இந்த இளகிய ஓசைகளை உரசொலி என்றே எழுதிவந்தன. ஸ்பானிஷ் உச்சரிப்புக்கு வேதம் மாதிரி இருந்த தொமாஸ் நவாரோ தொமாஸின் 1918ஆம் ஆண்டுக் கையேடு அப்படித்தான் சொன்னது. கலீசிய மொழிக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. உரசொலி என்றால் காற்று இடுக்கில் உரசிப் போகவேண்டும். ‘ஸ’ மாதிரி. உரசினால் படத்தின் மேல்பகுதியில் மணலை வாரி இறைத்தது போலப் புள்ளி தெரியவேண்டும். பார்சிலோனாவின் எவுஹேனியோ மார்த்தினெஸ் செல்திரானும் சந்தியாகோவின் ஷொசே லூயிஸ் ரெகெய்ராவும் கலீசிய மொழியின் இந்த ஓசைகளைக் கருவியில் ஆராய்ந்து 2008இல் சர்வதேச ஒலியியல் கழகத்தின் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். இவை உரசொலி அல்ல, உறுப்புகள் நெருங்கி வந்தும் உரசாத ஒலிகள் என்பதே அவர்கள் நிலை. நான் ஆராய்ச்சிக்காரி அல்ல, ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ படித்தவள். இருந்தாலும் அந்தப் படத்தில் மணல் இல்லை என்பது என் கண்ணாடி வழியாகவே தெரிந்தது.

எத்தனை வருஷம் புத்தகத்தில் இருந்த ஒரு பெயரைக் காது கேட்காமலே ஒப்புக்கொண்டிருக்கிறோம்!

இப்போது மீன்கடை அம்மாள். அவருடைய ‘அமீஹா’ வேறு வகை. அதற்கு அங்கே ‘ஹெயாதா’ என்று தனிப் பெயரே உண்டு. கலீசியாவின் மேற்குப் பாதியில், கடலோரத்தில் எல்லாம் பரவலாக இருக்கிறது. அங்கே ககரம் உயிருக்கு நடுவில் மட்டுமல்ல, சொல்லின் முதலிலும் ஹகரம் ஆகிவிடும். பூனை ‘ஹாத்தோ’. சில இடங்களில் மூக்கொலிக்குப் பின் அது ககரமாகவே இறுகிவிடும், ‘கல்’ ககரமாக. ஞாயிற்றுக்கிழமைக்கு ‘தொமிங்கோ’ என்பதை அப்படி அழுத்துகிறார்கள். ஸ்பானிஷ் மொழியின் ஹகரத்தைப் பார்த்து வந்தது என்று ஒரு கட்சி, உள்ளேயே இளகி இளகி வந்தது என்று இன்னொரு கட்சி. அந்தச் சண்டையில் நான் நுழையவில்லை. மீன்கடையில் கைபேசியில் பதிந்துகொண்டு வந்ததைப் படமாக்கிப் பார்த்தேன் (கேட்டுத்தான் பதிந்தேன், அம்மாளுக்கு ஒரே குஷி). இதில் மணல் இருந்தது. நன்றாகவே இருந்தது. குரல்நாண் கோடு அந்த இடத்தில் நின்றுபோயிருந்தது. அதாவது காற்றை வலுவாகத் தள்ளுகிறார். சோம்பேறிப் பேச்சு என்று யாராவது சொன்னால் அந்தப் படத்தைக் காட்டுவேன்.

என் கருத்தை இங்கே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். ‘ஓ காத்தோ’வில் ககரத்தைக் கரைப்பது தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவரும் செய்வது, பேராசிரியரும் செய்வது, என் பேத்தியின் வகுப்பாசிரியரும் செய்வது. அதைத் தவறு என்று யாரும் சொல்வதில்லை, கரைக்கிறோம் என்று அவர்களுக்கே தெரியாது. கரைக்காமல் சொன்னால்தான் வெளிநாட்டுக்காரி என்று திரும்பிப் பார்ப்பார்கள். (என்னைப் பார்த்தார்கள்.) மீன்கடை அம்மாள் அதே எழுத்தை இன்னொரு விதமாகச் சொன்னால் மட்டும் வகுப்பறை சிரிக்கிறது. முதலாவது இளக்கம், இரண்டாவது கொச்சையா? யார் வாயிலிருந்து வருகிறது என்று பார்த்துத்தான் நாம் மதிப்பெண் போடுகிறோம்.

சிரிப்புக்கு பயந்தவர்கள் என்ன ஆகிறார்கள் என்று மாடி வீட்டு அம்மாள் சொன்னார். ஸ்பானிஷ் பேசும்போது ஹகரம் வந்துவிடக் கூடாதே என்று பயந்து, ஹகரம் நியாயமாக வரவேண்டிய இடத்திலும் ககரத்தைப் போட்டுவிடுவார்களாம். ‘த்ரபாஹோ’ என்றால் வேலை, அதை ‘த்ரபாகோ’ என்பார்கள். அதற்கும் சிரிப்பு. ழகரத்துக்கு பயந்து பள்ளியை ‘பழ்ழி’ என்று சொல்லும் பிள்ளைகள் என் வகுப்பில் வருஷத்துக்கு இரண்டு பேராவது இருந்தார்கள். எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அந்த அம்மாளும் கடலோரக் கிராமத்துக்காரர். ஃபிராங்கோ ஆட்சியில் படித்தவர். அப்போது பள்ளியில் கலீசிய மொழிக்கே இடமில்லை, ஹகரத்துக்கு எங்கே இடம். பிறகு அவரே ஆசிரியை ஆகி, சுத்தமான ககரத்தை வரவழைத்துக்கொண்டார். இன்றைக்கும் நாயைத் திட்டும்போது மட்டும் ஹகரம் வந்துவிடுகிறது என்று சொல்லிச் சிரித்தார். சிரித்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். பேத்தி மொழிபெயர்க்க ஒன்றும் இல்லாமல் கேக்கைத் தின்றாள்.

இளக்கம் என்றால் மொழி கெட்டுவிட்டது என்பவர்களுக்கு இன்னொன்று. இந்த மொழியே இளகிப் பிறந்ததுதான். லத்தீனில் ஓநாய் ‘லூப்புஸ்’, இங்கே ‘லோபோ’. அங்கே ‘வீட்டா’, இங்கே ‘வீதா’. அங்கே ‘அமீக்குஸ்’, இங்கே ‘அமீகோ’. ஸ்பானிஷும் இவ்வளவு தூரம் கூடவே வந்தது. ஸ்பானிஷில் நிலா ‘லூனா’, வலி ‘தொலோர்’. கலீசியத்தில் நிலா ‘லூஆ’, வலி ‘தோர்’. நடுவிலிருந்த னகரமும் லகரமும் கரைந்தே போய்விட்டன. ‘லூஆ’ என்று பாட்டெழுதுகிறவர்களை யாரும் கொச்சை என்பதில்லை. ஆயிரம் வருஷத்துக்கு முந்திய கரைசல் இலக்கியம், நேற்றைய கரைசல் பட்டிக்காடு!

அப்படியானால் வகுப்பில் எதையுமே திருத்தக்கூடாதா என்று ஆசிரிய நண்பர்கள் கேட்பீர்கள். எழுத்தைத் திருத்துங்கள். ‘அமீகா’ என்றே எழுதட்டும். வாசிக்கும்போது வீட்டு ஓசை வந்தால் வரட்டும். அந்த ஊர் இளைஞர்களே இதில் முந்திவிட்டார்கள். ‘எரெதெய்ரோஸ் த க்ரூஸ்’ என்று ஒரு ராக் இசைக் குழு. எழுத்து மொழியில் சிலுவைக்கு, நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துச் சொல்லும் ஓசையில் முடியும் சொல். இவர்கள் கடலோர வழக்கப்படி ஸகரத்தைப் பெயரிலேயே போட்டுக்கொண்டார்கள், ஹகரத்தோடு பாடுகிறார்கள்.

அந்த மொழிக்கு உண்மையான கவலை வேறு இடத்தில் இருக்கிறது. 1983இல் சட்டம் போட்டுப் பள்ளிக்குள் கொண்டுவந்த மொழி. 2010இல் வந்த ஓர் அரசாணையில் கணக்குப் பாடம் ஸ்பானிஷுக்கு என்று ஒதுக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டு அரசுக் கணக்கெடுப்பில், அன்றாடம் ஸ்பானிஷ் அதிகம் பேசுவோர் எண்ணிக்கை முதன்முறையாக கலீசியம் அதிகம் பேசுவோரை மிஞ்சியது. மொழியை வாயில் வைத்திருக்கும் மீன்கடை அம்மாளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மொழி அழிகிறதே என்று மே 17இல் கூட்டம் போடுவது எந்த ஊர் நியாயம்?

சரி, எனக்கு ஏன் சுருக்கென்றது என்று சொல்கிறேன்.

1990களின் தொடக்கம். நான்காம் வகுப்பு, சொல்வதெழுதுதல். பிள்ளைகளுக்குத் தெளிவாகக் கேட்கட்டும் என்று நான் ஒவ்வொரு எழுத்தையும் அழுத்திச் சொல்லுவேன். ககரம் வல்லினம், ஆகவே வல்லினமாகவே சொல்லவேண்டும் என்பது எனக்குப் பயிற்சியில் ஏறிய எண்ணம். ‘பகல்’ என்பதில் ககரத்தைக் ‘கல்’ ககரமாகச் சொன்னேன். ஒரு பையன் ‘பக்கல்’ என்று எழுதினான். மதிப்பெண்ணைக் குறைத்தேன். “டீச்சர், நீங்க அப்படித்தானே சொன்னீங்க” என்றான். எதிர்த்துப் பேசுகிறான் என்று உள்ளங்கையில் ஸ்கேலால் இரண்டு போட்டேன்.

வீகோவில் ஒரு இரவு, பிள்ளை தூங்கிய பிறகு, என் குரலையே ப்ராட்டில் போட்டுப் பார்த்தேன். ‘தங்கம்’: ககரத்தில் வெள்ளை, ஊசிக் கீற்று. ‘பகல்’, வாய் போனபடி சொன்னது: பட்டைகள் வெளுத்து ஓடுகின்றன, மாடி வீட்டு அம்மாளின் பூனைக்கு அக்கா மாதிரி. அப்புறம் அந்தக் காலத்து டீச்சர் குரலில் அழுத்தி ஒரு ‘பகல்’. நீளமான வெள்ளை, அடியில் கோடு கூட இல்லை. பக்கத்திலேயே ‘பக்கம்’ என்று சொல்லிப் பார்த்தேன். இரண்டு படத்துக்கும் என்னால் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. கலீசியத்தில் இரட்டைக் ககரம் கிடையாது, அழுத்திச் சொன்னால் அந்நியம் என்பதோடு போகும். தமிழில் உயிருக்கு நடுவே அழுத்தினால் எழுத்தே மாறிவிடும். அந்தப் பையன் என் வாயிலிருந்து வந்ததை அப்படியே எழுதியிருக்கிறான். முதலிலும் இரட்டிக்கும்போதும் வலிது, நடுவில் தனியே வந்தால் மெலிது என்று கால்டுவெல் 1856லேயே எழுதிவைத்திருக்கிறார். நான் படிக்கவில்லை. படிக்காமலே இருந்தாலும் பரவாயில்லை, ஒன்பது வயதுப் பையன் சொன்னதையாவது கேட்டிருக்கலாம். இன்றைக்கு அவனுக்கு நாற்பது வயது தாண்டியிருக்கும். எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை. இந்தப் பதிவு கண்ணில் பட்டால் தம்பி, அந்த அரை மதிப்பெண் உன்னுடையதுதான்.

பேத்தியிடம் இந்தக் கதையைச் சொன்னேன். “உன்னை அடிச்சிருப்பாங்களா பாட்டி, அவங்க டீச்சர்?” என்று கேட்டாள். “நான்தான் அந்த டீச்சர்” என்றேன். நம்பவில்லை. மறு வாரம் மீன்கடையில் அவள் அந்த அம்மாளிடம் ‘அமீஹா’ என்றே சொன்னாள். மரியாதையா, கிண்டலா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அந்த அம்மாள் நாலு மத்தி கூடப் போட்டார்.

ஒரு வேண்டுகோள். குமரி, நெல்லை, கொங்கு, தஞ்சை நண்பர்களும் யாழ்ப்பாண நண்பர்களும், ‘பகல், மகன், தங்கம், பக்கம்’ என்ற நாலு சொல்லையும் வீட்டில் பேசுகிறபடியே சொல்லி, குரல் பதிவாக எனக்கு உள்பெட்டியில் அனுப்புங்கள். மேடைக் குரல் வேண்டாம். மருமகன் அந்த மென்பொருளை என் கணினியிலும் போட்டுக் கொடுத்துவிட்டார். படங்களை அடுத்த வாரம் இடுகிறேன்.